நெல்லை வக்கீலுக்கு நெட்டுல ஒரு பேரு: எது செல்லும், எது செல்லாது

பெர்சனல் பிராண்டிங்னு பேச்சை எடுத்தாலே வக்கீல் பாருக்குள்ள ரெண்டு கட்சி ஆயிருது. மூத்தவங்கள்ல பாதிப் பேரு "வக்கீலுக்கு எதுக்கு வே விளம்பரம்"னு ஒரே வரியில முடிச்சுட்டு கேஸ் கட்டைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. இளசுகள்ல பாதிப் பேரு ஏதாவது ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங்காரன்ட்ட மாசப் பேக்கேஜ் பேசி, வாரத்துக்கு மூணு ரீல்ஸ், கூகுள்ல ரிவ்யூ, ஃபேஸ்புக்ல பூஸ்ட்டுனு இறங்கிருதாங்க, அந்தப் பேக்கேஜ் விக்கிறவனுக்கு ஜவுளிக்கடையும் ஒண்ணுதான், பல் டாக்டரும் ஒண்ணுதான், வக்கீலும் ஒண்ணுதான். ரெண்டு கட்சியும் பேசுத பேச்சுல ரூல்ல உண்மையில என்ன எழுதியிருக்குங்கறது மட்டும் வரமாட்டேங்குது.

ரூலை முதல்ல பாத்துருவோம். 1961ம் வருஷத்து அட்வகேட்ஸ் ஆக்ட் குடுத்த அதிகாரத்துல பார் கவுன்சில் ஆஃப் இந்தியா போட்ட விதிகள்ல 36வது விதி. நேரடியாவோ மறைமுகமாவோ வேலை கேட்டுப் போகக்கூடாது, விளம்பரம் பண்ணக்கூடாது. சுற்றறிக்கை, விளம்பரம், புரோக்கர், தனிப்பட்ட கடிதம் எல்லாமே இதுல அடங்கும். பேப்பர்ல நம்மளப் பத்தி எழுத வைக்கிறதும் அடங்கும். இன்னொண்ணு முக்கியம்: நம்ம நடத்துத கேஸ் சம்பந்தமா நம்ம போட்டோவைப் பிரசுரிக்க வைக்கவும் கூடாது. அந்த விதி எழுதும்போது வாட்ஸாப் கிடையாது, ஆனா ஜாமீன் கிடைச்ச அன்னைக்கு கோர்ட் வாசல்ல கட்சிக்காரர் தோள்ல கை போட்டு போட்டோ எடுத்து "மற்றுமொரு வெற்றி"னு ஸ்டேட்டஸ் போடுதோம்லா, அது அச்சு அசலா அந்த விதியில சொன்ன காரியம்தான். பேரு போட்ட போர்டு அளவோட இருக்கணும்னும், அதுல பார் கவுன்சில் மெம்பர், சங்கத் தலைவர்னு போடக்கூடாதுன்னும், இந்த வகைக் கேஸ்ல ஸ்பெஷலிஸ்ட்னு போடக்கூடாதுன்னும் அதே விதி சொல்லுது. நம்ம ஊரு போர்டுகளை ஒரு சுத்து பாத்துட்டு வந்தா விதியை எத்தனை பேரு படிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுரும், அதை நான் வேற சொல்லணுமா.

இது வெள்ளக்காரன் பார் விட்டுட்டுப் போன பழக்கம். அங்க வக்கீல் தொழில் கனவான்கள் தொழில், வேலை தேடி அலையுதது கேவலம்னு ஒரு நினைப்பு. நம்ம சுப்ரீம் கோர்ட்டும் அதைப் பிடிச்சுக்கிட்டுது. பம்பாய் எஸ்பிளனேடு போலீஸ் கோர்ட் வாசல்ல வக்கீல்கள் கட்சிக்காரங்களைப் பிடிக்க முண்டியடிச்ச வழக்கு 1975ல மேல போனப்ப, ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர், சட்டம் வியாபாரம் இல்ல, கேஸ் கட்டு சரக்கு இல்லங்கற அர்த்தத்துல எழுதுனது இன்னைக்கு வரைக்கும் எல்லா தீர்ப்புலயும் வருது. அமெரிக்கா போன வழி வேற. 1977ல அரிசோனாவைச் சேர்ந்த ரெண்டு வக்கீலுங்க, இன்ன வேலைக்கு இன்ன ஃபீஸுனு பேப்பர்ல விளம்பரம் குடுத்த வழக்குல, பேட்ஸ் கேஸ்னு பேரு, அஞ்சுக்கு நாலு நீதிபதிகள் கணக்குல அது பேச்சுரிமைக்குள்ள வரும்னு அந்த ஊரு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அதுக்கப்புறம் அங்க டிவி விளம்பரம், ரோட்டோர ஹோர்டிங் எல்லாம் சகஜம். வக்கீல் பிராண்டிங் பத்தி நெட்டுல தேடுனா வர்ற அறிவுரைல முக்கால்வாசி அந்த ஊரு சட்டத்தை நம்பி எழுதுனது. அதை அப்படியே இறக்கி பாளையங்கோட்டையில நட்டா முளைக்காது, சில நேரம் நோட்டீஸா முளைக்கும்.

அப்ப ஒண்ணுமே செய்யக்கூடாதான்னா, அப்படி இல்ல. 2008ல 36வது விதியில ஒரு சின்ன கதவு திறந்தாங்க. வக்கீல் வெப்சைட் வச்சுக்கலாம். பேரு, முகவரி, போன், ஈமெயில், என்ரோல்மென்ட் நம்பர், தேதி, எந்த மாநில பார் கவுன்சில், எந்த சங்கம், படிப்பு, எந்தெந்த வகை கேஸ் பாக்கோம்ங்கறது, இவ்வளவும் போடலாம், இதெல்லாம் உண்மைன்னு ஒரு உறுதிமொழியும் சேத்து. கவனிச்சுப் பாருங்க, வீட்டு வாசல் போர்டுல ஸ்பெஷலிஸ்ட்னு எழுதக்கூடாது, ஆனா வெப்சைட்ல நான் சிவில், குடும்ப வழக்கு பாக்கேன்னு எழுதலாம். விதியிலயே ஒரு முரண் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். நமக்கு வேண்டியது, தகவல் சொல்லலாம், ஆளைக் கூப்பிடக்கூடாதுங்கற அந்தக் கோடு.

அந்தக் கோடு போன ரெண்டு வருஷத்துல இன்னும் அழுத்தமாயிருச்சு. 2024 ஜூலை ஆரம்பத்துல மெட்ராஸ் ஹைகோர்ட், ஜஸ்டிஸ் எஸ்.எம்.சுப்ரமணியமும் ஜஸ்டிஸ் சி.குமரப்பனும் இருந்த பெஞ்ச், ஆன்லைன் டைரக்டரிகள்ல வக்கீலுக்கு ஸ்டார் ரேட்டிங் போட்டு, விலை போட்டு விக்கிறதைப் பாத்துட்டு, இந்த பிராண்டிங் கலாச்சாரமே சமுதாயத்துக்குக் கேடுன்னு சொல்லி, இப்படி வேலை பிடிக்கிற வக்கீல்கள் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்க மாநில பார் கவுன்சில்களுக்கு சர்க்குலர் அனுப்பச் சொன்னாங்க. சில நாள்லயே பார் கவுன்சில் ஆஃப் இந்தியா இறங்கி டைரக்டரி கம்பெனிகளுக்கும் நோட்டீஸ் விட்டுது. 2025 மார்ச்ல இன்னொரு அறிக்கை, இதுல இன்ஃப்ளூயன்சர் வச்சு வீடியோ போடுறது, சினிமாக்காரங்களை வச்சு விளம்பரம் எடுக்கிறது, அதோட கோயில் விழா, கலை நிகழ்ச்சி, பொது நிகழ்ச்சில பேனர் வச்சு தொழிலை விளம்பரப்படுத்துறது வரைக்கும் கண்டிச்சிருக்காங்க. கோயில் கொடைக்கு கொடை ஃப்ளெக்ஸ்ல கவுனோட சிரிக்கிற அண்ணாச்சிமார் இதை ஒரு தடவை படிச்சுப் பாக்கது நல்லது.

கவுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. கோர்ட்டைத் தவிர பொது இடத்துல, சடங்கு மாதிரியான சில விசேஷ சந்தர்ப்பம் தவிர, கழுத்துல கட்டுத வெள்ளை பேண்டும் கருப்பு கவுனும் போடக்கூடாதுன்னு தனியா ஒரு விதியே இருக்கு. ரீல்ஸ்ல பாதி கெட்-அப் அதுலயே அடிபட்டுப் போவுது. டீக்கடை முன்னாடி, ஆத்துப்பாலத்து மேல, பைக்ல, கவுன் பறக்க ஸ்லோ மோஷன்ல நடந்து வர்ற வீடியோவுக்கு லைக் வரும், யாராவது ஒருத்தரு அதை டவுன்லோடு பண்ணி புகாரோட சேத்து அனுப்பவும் செய்யலாம். புகாரு போனா அட்வகேட்ஸ் ஆக்ட் 35வது பிரிவு. கண்டிச்சு விடலாம், கொஞ்ச காலம் சஸ்பெண்ட் பண்ணலாம், பேரையே ரோல்ல இருந்து எடுக்கலாம். சன்னது, அதான் வக்கீல் தொழில் பண்ணுத உரிமம், போறதுன்னா என்னன்னு இந்த ஜில்லாவுக்குத் தெரியும், ஒட்டப்பிடாரத்துல ஏழைபாழைக்கு வாதாடி பேரெடுத்த வ.உ.சி 1908 தண்டனைக்கு அப்புறம் அதை இழந்தாரு, பிற்காலத்துல வாலஸ்ங்கற வெள்ளக்கார ஜட்ஜ் உதவியால திரும்பக் கிடைச்சுது, அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன்னு பேரே வச்சாரு. அவரு இழந்தது தேசத்துக்காக. ரீல்ஸுக்காக இழந்தா வெளிய சொல்லக்கூட முடியாது.

சரி, விதி அந்தப் பக்கம் இருக்கட்டும். இன்னொரு கேள்வி இருக்கு, இதை யாரும் கேக்கதே இல்ல: நெல்லைப் பக்கம் வக்கீலை யாரு நெட்டுல தேடுதா?

ஊருக்குள்ள இருக்கிறவங்க தேடமாட்டாங்க. களக்காட்டுல பாதைத் தகராறு, அம்பாசமுத்திரத்துல கிணத்துப் பங்கு, முக்கூடல்ல ஜீவனாம்சம், இதெல்லாம் மச்சினன் சொல்லி, பத்திரம் எழுதுறவரு சொல்லி, குமாஸ்தா சொல்லி, முன்ன கேஸ் நடத்துன பெரியப்பா சொல்லி வர்றது. சாதி, ஊரு, சொந்தம்னு எல்லாம் அதுக்குள்ள இருக்கு, ஒளிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. இந்த ஆளு கூகுள்ல உங்க பேரைத் தட்டுதான்னா, உங்க நம்பர் ஏற்கனவே அவன் கையில இருக்கு, வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை சரி பாக்கான், அவ்வளவுதான்.

உண்மையிலேயே தேடுறது வெளிய இருக்கிறவங்க. சென்னையில கடை வச்சிருக்க அண்ணாச்சி, தாராவியில மூணு தலைமுறையா இருக்கிற குடும்பம், துபாய்லயும் ரியாத்லயும் வேலை பாக்க மேலப்பாளையம், கடையநல்லூர் பையங்க. இவங்க எல்லாருக்கும் ஊருல ஒரு வீடோ, ரெண்டு ஏக்கரு நஞ்சையோ, பாகம் பிரியாத சொத்துல ஒரு பங்கோ கிடக்கு. ஊருல கேட்டா விஷயம் எதிர்தரப்பு காதுக்குப் போயிரும், ஏன்னா எதிர்தரப்பு சொந்த அண்ணன். அதனால ராத்திரி பத்து மணிக்கு போனை எடுத்துத் தமிழ்ல தட்டுதான்: அப்பா சொத்தை அண்ணன் மட்டும் பட்டா மாத்திட்டான் என்ன செய்ய. "திருநெல்வேலி சிறந்த வக்கீல்"னு அவன் தட்டுறது அதுக்கு ரொம்பப் பின்னாடிதான். முதல்ல அவனுக்கு வேண்டியது கேள்விக்கு விடை.

என் கணிப்புல, நெல்லை வக்கீலுக்கு நெட்டுல பேரு கிடைக்கிற ஒரே ஒழுங்கான வழி அந்த விடையை எழுதுறதுதான். நான் யாருங்கறதை இல்ல, எனக்கு என்ன தெரியும்ங்கறதை. சட்டத்தை விளக்கி எழுதுறதை 36வது விதி தடுக்கல, அந்த எழுத்து "எங்கிட்ட வாங்க"னு மாறும்போதுதான் தடுக்குது.

ஒரு உதாரணம் பாப்போம். "89க்கு முன்னாடி கட்டிக் குடுத்த பொண்ணுக்கு பூர்வீக சொத்துல பங்கு உண்டா?" இந்தப் பக்கம் இந்தக் கேள்வி இல்லாத தெரு கிடையாது. இதுக்கு ஒரு ஜூனியர் எழுத வேண்டியது என்னன்னா: இந்து வாரிசுரிமைச் சட்டத்துல தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தச் சட்டம் 1989 மார்ச் 25ல இருந்து பொண்ணுகளுக்குப் பிறப்பால பங்கு குடுத்துச்சு, ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களை விட்டுருச்சு. அப்புறம் மத்திய திருத்தம், 2005 செப்டம்பர் 9, அதுல கல்யாணம் ஆச்சா இல்லையாங்கற பேச்சே கிடையாது. அதுலயும் அப்பா அந்தத் தேதில உயிரோட இருக்கணுமான்னு வருஷக்கணக்கா குழப்பம், அதை 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டோட வினீதா சர்மா தீர்ப்பு தீத்து வச்சுது: இருக்க வேண்டியதில்ல, உரிமை பிறப்பால வருது. ஆனா 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே பதிவுப் பத்திரம் மூலமாவோ கோர்ட் டிகிரி, அதான் தீர்ப்பாணை, மூலமாவோ பாகம் முடிஞ்சிருந்தா அதைக் கிளற முடியாது. "நாங்க வாய்வார்த்தையா அப்பவே பிரிச்சுட்டோம்"னு அண்ணன் சொன்னா அது லேசுல செல்லாது, அரசு ஆவணம் மாதிரி பலமான ஆதாரம் இருந்தாத்தான் கோர்ட் அதைக் காதுல வாங்கும். இதெல்லாம் பூர்வீக சொத்துக்கு. அப்பா சொந்தமா சம்பாதிச்சு உயில் எழுதி வச்சுட்டா கதை வேற. கடைசில என்னென்ன பேப்பர் எடுத்து வைக்கணும்: மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, அ-பதிவேடு, சிட்டா, வாரிசு சான்று.

நானூறு வார்த்தைக்குள்ள முடிஞ்சுரும். தேதி நாலு, தீர்ப்பு ஒண்ணு, விதிவிலக்கு ரெண்டு. இதைப் படிச்ச பொம்பளையாளு ஒருத்தங்களுக்கு, எழுதுன ஆளுக்கு விஷயம் தெரியும்னு புரிஞ்சுரும், கீழ பேரும் என்ரோல்மென்ட் நம்பரும் இருந்தா போதும். "சிறந்த", "நம்பர் ஒன்", "100 சதவீத வெற்றி"ன்னு ஒரு எழுத்து சேத்தாலும் கெட்டுப்போகும். இன்னொண்ணும் இருக்கு, இந்த மாதிரி எழுத உக்காந்தா எழுதுறவனுக்கே அவன் அரைகுறையா தெரிஞ்சு வச்சிருக்கிறது எதுன்னு தெரிஞ்சுரும். சீனியர் ஆபீஸ்ல நாலு வருஷம் வாய்தா வாங்கிட்டு மட்டும் இருந்தா அது தெரியாமலே போகும்.

இப்படி எழுத விஷயத்துக்குப் பஞ்சமே இல்ல. எண்பதுகள்ல நிலப் பதிவேட்டைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர் சர்வேல பேரு மாறிப்போன பட்டாக்கள் இன்னும் தீரல, பட்டா இருந்தா மட்டும் சொத்து நம்மளுது ஆயிருமான்னா ஆகாதுங்கறதைப் படிச்சவங்களே நம்பமாட்டேங்காங்க. வளைகுடாவுல இருந்து பவர் பத்திரம் எழுதி அனுப்புறவங்க இந்தியத் தூதரகத்துல அத்தாட்சி வாங்கி, பத்திரம் இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும், அது தெரியாம பீரோவுக்குள்ள வச்சுட்டு விக்கப் போற நேரத்துல எடுத்துட்டு வர்றவங்க எத்தனையோ. செக் பணமில்லாம திரும்புன கேஸ்ல பேங்க் மெமோ கைக்கு வந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ், நோட்டீஸ் கிடைச்சு 15 நாள் அவகாசம், அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள புகார், இந்தக் கணக்குல ஒரு நாள் தப்புனாலே எதிர் வக்கீல் அதைப் பிடிச்சுத் தொங்குவாரு. தமிழ்ல இதெல்லாம் தெளிவா, தேதியோட, நம்ம தாலுகா ஆபீஸ்ல நடக்கிற நடைமுறையோட கிடைக்கிறது ரொம்பக் கம்மி. யூடியூப்ல கிடைக்கிறதுல பாதி, தலைப்புல "அதிரடி தீர்ப்பு"ன்னு இருக்கும், உள்ள போனா தீர்ப்பு பேரே இருக்காது.

எந்த ஆப்புல போடணும்ங்கறது பெரிய விஷயமே இல்ல. சொந்தமா சின்னதா ஒரு தமிழ் வெப்சைட், அதுல இருந்து வாட்ஸாப்புல லிங்க் போகும். லிங்க்ட்இன் கம்பெனி வேலை, சென்னை ஃபர்ம் தொடர்பு வேணும்னு நினைக்கிறவங்களுக்கு உதவும், வள்ளியூர் முன்சீப் கோர்ட் பிராக்டிஸுக்கு அது ஒரு அலங்காரம்.

கூகுள் மேப்ல ஆபீஸ் இடத்தைக் காட்டுறது வேற, ரிவ்யூ கேட்டு வாங்குறது வேற. கட்சிக்காரர்ட்ட "அண்ணாச்சி, ஒரு அஞ்சு ஸ்டார் தட்டிவிடுங்க"ன்னு கேக்கது மறைமுக விளம்பரம்தான், ரேட்டிங் விஷயத்தை ஹைகோர்ட் நேரடியாவே கண்டிச்சிருக்கு. அதை விட ஆபத்து கெட்ட ரிவ்யூவுக்குப் பதில் எழுதுறது. தோத்த கட்சிக்காரரு கோவத்துல ஒரு ஸ்டார் போட்டு "காசை வாங்கிட்டு ஏமாத்திட்டாரு"ன்னு எழுதிருதாரு. ரோசம் வந்து "நீரு கோர்ட்ல பொய் சாட்சி சொல்லச் சொன்னீரு, நான் மாட்டேன்னேன்"னு பதில் போட்டா முடிஞ்சுது சோலி. கட்சிக்காரரு நம்பிச் சொன்னதை வெளிய விடக்கூடாதுங்கறது பழைய சாட்சியச் சட்டத்துல 126வது பிரிவு, 2024 ஜூலை 1ல இருந்து வந்த புதுச் சட்டத்துல 132. கேஸ் முடிஞ்சாலும் அந்தக் கடமை முடியாது. பதில் எழுதாம இருக்கிறதே நல்லது, ஒரு ஸ்டார் இருந்துட்டுப் போகுது.

கோர்ட் உத்தரவை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடுற பழக்கமும் அதே வகைதான். போக்சோ கேஸ், பாலியல் குற்ற வழக்குல பாதிக்கப்பட்டவங்க யாருன்னு தெரியுற மாதிரி ஒரு சின்ன விவரம் போனாக்கூட அது விதிமீறல் இல்ல, குற்றம். போக்சோ சட்டம் 23வது பிரிவும், புது தண்டனைச் சட்டமான பி.என்.எஸ் 72வது பிரிவும் இருக்கு. பேரை மட்டும் அழிச்சுட்டு ஊரையும், பள்ளிக்கூடத்தையும், குற்றவாளி உறவுமுறையையும் விட்டுவச்சா, நம்ம ஊரு அளவுக்கு அது பேரைப் போட்ட மாதிரிதான்.

ஃபீஸ் விஷயம் ஒரு வார்த்தை. "கேஸ் ஜெயிச்சா மட்டும் ஃபீஸ் தாங்க"ன்னு விபத்து நஷ்டஈடு கேஸ் வீடியோக்கள் சுத்துது. கேஸ் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக்கூடாதுன்னு அதே பார் கவுன்சில் விதிகள்ல 20வது விதி. அதை வாயால பேசுறவங்க இருக்காங்க, எல்லாருக்கும் தெரியும், ஆனா வீடியோவா போட்டு சாட்சியத்தையும் நாமளே தயார் பண்ணிக் குடுக்கணுமா.

இதையெல்லாம் விட்டுட்டு இன்னொரு இடம் இருக்கு, நம்மாளுக அதை பிராண்டா யோசிக்கிறதே இல்ல. இ-கோர்ட்ஸ் ஆப். யாரு வேணும்னாலும் வக்கீல் பேரைப் போட்டுத் தேடலாம். எந்தக் கோர்ட்ல எத்தனை கேஸ், அடுத்த வாய்தா என்னைக்கு, போன வாய்தால என்ன நடந்துது, எல்லாம் வரும். துபாய்ல இருக்கிற பையன் உங்க ரீல்ஸைப் பாத்துட்டு அடுத்த நிமிஷம் இதைத் திறக்கான்னு வைங்க. வரிசையா "ஆஜராகாததால் தள்ளுபடி"ன்னு நாலு கிடந்தா எந்த எடிட்டிங்கும் காப்பாத்தாது. சில நேரம் பேரு ஸ்பெல்லிங் மாறி, இனிஷியல் மாறி, உங்க கேஸே உங்க பேருல வராம போகும், வக்காலத்துலயும் இ-ஃபைலிங்லயும் பேரையும் எம்.எஸ். நம்பரையும் (நம்ம என்ரோல்மென்ட் நம்பர்தான்) எப்பவும் ஒரே மாதிரி போடுறது வெட்டி வேலை மாதிரி தெரியும், ஆனா மாசம் பத்தாயிரம் பேக்கேஜை விட அது உபயோகம்.

எழுத்து நாலு பேருக்குப் போய்ச் சேந்துட்டா மெசேஜ் வர ஆரம்பிக்கும். அங்கதான் உண்மையான சிக்கல், ஏன்னா இந்த ஊரு சின்னது. மும்பையில இருந்து தம்பி ஒருத்தரு பத்திரத்தை எல்லாம் வாட்ஸாப்ல தள்ளி "சார், எங்க அக்கா கேஸ் போடப் போறாளாம், என்ன செய்யலாம்"ங்காரு. நீங்களும் நல்ல மனசா ராத்திரி பதினோரு மணிக்கு, கவலைப்படாதீங்க, இன்ன பாயிண்ட் எடுங்கன்னு வாய்ஸ் நோட் போடுதீங்க. அடுத்த வாரம் சேரன்மகாதேவியில இருந்து ஒரு அக்கா உங்க கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு ஆபீஸுக்கு வாராங்க, அதே சொத்து, அதே சர்வே நம்பர். ஒரு விஷயத்துல ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வக்கீல் எதிர்தரப்புக்கு ஆஜராகக்கூடாதுங்கறது பார் கவுன்சில் 33வது விதி, ஃபீஸ் வாங்கலேன்னு சொல்லித் தப்பிக்கப் பாக்கலாம், ஆனா வாய்ஸ் நோட் தம்பி போன்ல பத்திரமா இருக்கு. அதனால வர்ற மெசேஜுக்கு முதல் பதில் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்: உங்க பேரு, எதிர்தரப்பு பேரு, கிராமம், சர்வே நம்பர் மட்டும் அனுப்புங்க, பேப்பர் எதுவும் இப்ப அனுப்பாதீங்க. அதை டைரியில பாத்து, அந்தப் பக்கத்து ஆளு யாரும் நம்மட்ட வரலைன்னு உறுதியான பெறகுதான் அடுத்த பேச்சு.